ஸ்டார்லெட்டில் 5ஈ எஞ்சின் மாற்றிய பின் ‘லீன்’ குறியீடும் கூடிய பெற்றோல் செலவும்

உப்புவெளி ஸ்டார்லெட் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஈபி82 வகை டொயோட்டா ஸ்டார்லெட். அதிலிருந்த 1.3 லீற்றர் 4ஈ-எஃப்ஈ எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கியதால், ஜப்பானிலிருந்து இறங்கிய ஹாஃப் கட் (வெட்டியெடுத்த முன்பாதிக் கார்) ஒன்றிலிருந்து 1.5 லீற்றர் 5ஈ-எஃப்ஈ எஞ்சினையும் அதனோடு வந்த கியர்பெட்டியையும் வாங்கி, திருமலை நகரில் ஒரு கராஜில் மாற்றுவித்தேன். பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் புதிய எஞ்சினோடு வந்தவை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவும் வயரிங்கும் பழைய 1.3 இற்கு உரியவையாகவே இருக்கின்றன.

பழைய எஞ்சின் நன்றாக இருந்த காலத்தில் கந்தளாய்க்குப் போய்வரும்போது லீற்றருக்கு 14 கிலோமீற்றர் கிடைத்தது. இப்போது அதே பாதையில், தாங்கியை நிரப்பி ஓடி மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தால், 9.6 தான் வருகிறது. ‘செக்’ விளக்கும் எரிகிறது. கராஜில் அதன் குறியீடு 25 என்று வாசித்து, கலவை லீனாக (காற்றுக்குப் பெற்றோல் போதாமல்) இருக்கிறது என்று சொல்லி, எக்ஸோஸ்ட் புகையை அளக்கும் ஒட்சிசன் சென்சரைப் புதிதாக மாற்றினார்கள். விளக்கு சில நாட்களில் திரும்பவும் வந்துவிட்டது. இப்போது பெற்றோல் பம்பையும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அந்தச் செலவுக்கு முன் உங்களிடம் கேட்கலாம் என்று வந்தேன். எஞ்சினுக்குள் பெற்றோல் குறைவாகப் போகிறது என்று விளக்கு சொல்கிறது, கூடுதலாகப் போகிறது என்று எனது பணப்பை சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா?

நிலாவெளி வேன்காரர் எழுதியது:

எஞ்சின் மாற்றிய வண்டியில் லீன் என்றால் முதலில் பார்க்க வேண்டியது வெக்கியூம் கசிவு. இன்டேக் மெனிபோல்ட் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) கெஸ்கட், பிரேக் பூஸ்டர் குழாய், இன்ஜெக்டர்களின் அடி ரப்பர் வளையங்கள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று காற்றை இழுக்கிறது என்பது என் ஊகம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கார்ப் கிளீனரை அந்த இடங்களில் சிறிது சிறிதாகத் தெளித்துப் பாருங்கள். எந்த இடத்தில் எஞ்சினின் ஓட்டம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் சூடேறிய எக்ஸோஸ்ட் மெனிபோல்டில் அந்தத் திரவம் பட்டால் தீப்பிடிக்கும்.

மூதூர் மாணவன் எழுதியது:

அண்ணன் சொன்ன சோதனையைச் செய்வதில் தவறில்லை; ஆனால் இந்த எஞ்சினில் வெக்கியூம் கசிவு வேறுவிதமாக நடந்துகொள்ளும். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சர் உள்ள கார்களில், அந்தச் சென்சரைத் தாண்டி உள்ளே நுழையும் காற்று கணக்கில் வராது. அதனால் கலவை உடனே லீனாகும். 4ஈ, 5ஈ எஞ்சின்களில் இருப்பது மெனிபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சர். கசிவினால் கூடுதல் காற்று வந்தால் மெனிபோல்டின் அழுத்தமும் உயரும், அதை ஈசியூ பார்த்து அதற்கேற்பப் பெற்றோலையும் கூட்டிவிடும். ஆகவே பெரும்பாலும் ஐட்லிங் உயர்வதாகத்தான் கசிவு வெளிப்படும். ஐட்லிங் சாதாரணமாக இருந்தால், இந்தக் காரில் வெக்கியூம் கசிவை முதற் சந்தேகமாக நான் வைக்கமாட்டேன்.

உண்மையான லீனுக்குக் காரணமாகக் கூடியது பழைய ஈசியூதான். இரண்டு எஞ்சின்களுக்கும் சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீற்றர்தான். பிஸ்டன் ஓடும் தூரம் 4ஈ யில் 77.4 ஆகவும் 5ஈ யில் 87 ஆகவும் இருப்பதால் 1,331 சீசீ 1,497 சீசீ ஆகிறது. அதாவது ஒரே மெனிபோல்ட் அழுத்தத்தில் புதிய எஞ்சின் ஏறக்குறைய 12 வீதம் கூடுதலாகக் காற்றை விழுங்குகிறது, பழைய ஈசியூவோ 1,331 சீசீக்கு உரிய நேரத்துக்கு மட்டுமே இன்ஜெக்டரைத் திறக்கிறது. இன்ஜெக்டர்கள் 5ஈ உடையவையாக இருப்பது இந்தக் குறையில் எவ்வளவை ஈடுசெய்கிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். சீராக ஓடும்போது ஒட்சிசன் சென்சரைப் பார்த்துப் பார்த்து ஈசியூ கலவையை, காற்று 14.7 இற்குப் பெற்றோல் 1 என்ற அளவுக்குத் திருத்திக்கொண்டே இருக்கும். குறைந்த 12 வீதத்தை அது தானாகவே சேர்த்துவிடும். ஆக, ஈசியூ பொருந்தாமல் இருப்பது மட்டும் கந்தளாய்ப் பாதையில் லீற்றருக்கு 4 கிலோமீற்றரை விழுங்காது. அதன் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. முழு எக்ஸிலேற்றரில் ஈசியூ சென்சரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தனக்குள் இருக்கும் பெற்றோல் அளவுப் பட்டியலை மட்டுமே நம்பும். அங்கே 12.6 என்று வைத்திருந்த கலவை 14.2 ஆகிவிட்டால், எஞ்சின் சூடேறித் தட்டத் தொடங்கும்.

சீனக்குடா மின்வேலை எழுதியது:

தம்பி, பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் இப்போது காசைக் கொடுக்க வேண்டாம். குறியீடு 25 என்பதற்கு, கலவை லீனாக இருப்பதாக ஒட்சிசன் சென்சரின் வயர் வழியே ஈசியூவுக்கு ஒரு செய்தி போகிறது என்பதுதான் பொருள். செய்தி உண்மையா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை காணாமல் சாமான் மாற்றுவது, இந்த ஊரில் நான் அதிகம் பார்த்த வீண்செலவு.

மூன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். முதலாவதாக, கொஞ்ச தூரம் ஓடி நிறுத்திய பின் நான்கு பிளக்குகளையும் கழற்றி, நடுவிலிருக்கும் பீங்கானின் நிறத்தைப் பாருங்கள். அடுத்து, எஞ்சின் அறையிலுள்ள டயக்னோசிஸ் பெட்டியில் விஎஃப் என்று எழுதிய முனைக்கும் ஈ1 முனைக்கும் இடையே மல்டிமீற்றரை வைத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பின் வோல்ற்றை எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் காலத்து டொயோட்டாவில், ஈசியூ தன் திருத்தத்தை அந்த முனையில் படிப்படியாகக் காட்டும்: நடுநிலை 2.5, பெற்றோலைக் கூட்டியிருந்தால் 3.75, அதன் கடைசி எல்லை வரை கூட்டியிருந்தால் 5. குறைத்திருந்தால் 1.25 அல்லது 0. கடைசியாக, பெற்றோல் அழுத்தத்தை அளக்கச் செய்யுங்கள். ரெகுலேற்றரின் வெக்கியூம் குழாயைக் கழற்றிய நிலையில் 2.7 முதல் 3.1 கிலோ வரை இருக்க வேண்டும். குழாயை மாட்டினால் ஐட்லிங்கில் ஏறக்குறைய அரைக் கிலோ இறங்க வேண்டும். அந்த அளவுகள் சரியாக இருந்தால் பம்பைப் பற்றிய பேச்சை விட்டுவிடலாம்.

உப்புவெளி ஸ்டார்லெட் எழுதியது:

ஐயா, சொன்னபடி செய்தேன். நான்கு பிளக்குகளும் காய்ந்த கரிபடிந்து கறுப்பாக இருக்கின்றன; வெள்ளையாக ஒன்றுகூட இல்லை. விஎஃப் முனையில் 5 வோல்ற். பெற்றோல் அழுத்தம் குழாய் இல்லாமல் 2.9 கிலோ, குழாய் மாட்டினால் 2.4. ஐட்லிங் சாதாரணமாகவே இருக்கிறது, கார்ப் கிளீனர் தெளித்தும் ஓட்டத்தில் மாற்றமில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சர் பக்கம் பெற்றோல் மணக்கிறது என்று வீட்டில் முன்பே சொன்னார்கள். இரவில் ஓடும் நாட்களில் செலவு இன்னும் கூடுவது போலத் தெரிகிறது. அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

சீனக்குடா மின்வேலை எழுதியது:

மனப்பிரமை இல்லை, நல்ல தடயம். உங்கள் எஞ்சின் லீனாக இல்லை, ரிச்சாக (பெற்றோல் கூடுதலாக) ஓடுகிறது. லீன் என்ற பொய்ச்செய்தி ஈசியூவுக்குப் போக, அது தன் எல்லை வரை பெற்றோலைக் கூட்டியும் சென்சர் திருப்தியடையாததால் விளக்கைப் போட்டிருக்கிறது. புதிய சென்சரும் அதே பொய்யைச் சொல்வதால் சென்சரைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு வெளியே ஏதோ இருக்கிறது. அப்படிச் சொல்லவைக்கும் வழிகள் முக்கியமாக இரண்டு.

ஒன்று எக்ஸோஸ்ட் கசிவு. சென்சருக்கு முன்னால், மெனிபோல்டிலோ அதுவும் கீழ்க்குழாயும் சேரும் இடத்திலோ சிறு கசிவு இருந்தால், புகை வெளியே வருவதோடு நிற்காது. ஒவ்வொரு சிலிண்டரின் புகைத்துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும் கணங்கள் உண்டு. அப்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சருக்குத் தெரிந்தது ஒட்சிசன் மட்டுமே. அது எஞ்சினுக்குள் எரியாமல் மிஞ்சியதா, கெஸ்கட் இடுக்கால் வந்ததா என்பதை அதனால் பிரித்தறிய முடியாது. எஞ்சின் மாற்றும்போது அந்த இணைப்பைக் கட்டாயம் கழற்றியிருப்பார்கள். பழைய கெஸ்கட்டையே மறுபடி போட்டிருக்கக்கூடும். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவரைச் சைலன்சர் வாயில் ஈரத்துணியை வைத்துச் சற்றே அடைக்கச் சொல்லி, முன்னால் காதைக் கொடுங்கள். ‘டிக் டிக்’ என்று கேட்கும்.

மற்றது எர்த். இந்தச் சென்சர் பேசும் மொழியே 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையில்தான், 0.45 இற்குக் கீழே லீன், மேலே ரிச். டொயோட்டாவில் ஈசியூவின் எர்த் வயர்கள் இன்டேக் மெனிபோல்டில் ஒரு போல்ற்றில் வந்து சேரும். அந்த வளைய முனை சரியாகப் பிடிக்காவிட்டால், ஈசியூ காரின் உடலூடாகத் தனக்கு எர்த் தேடிக்கொள்ளும். அதனோடு எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டியும் பழுதாக இருந்தால், ஹெட்லைட், ஏசி விசிறி போன்றவற்றின் மின்சாரம் ஒல்ட்டர்னேற்றருக்குத் திரும்பும் வழியில் தடைப்பட்டு, உடல் எஞ்சினைவிட 0.4 வோல்ற் வரை உயர்ந்து நிற்கலாம். அந்த உயர்ந்த இடத்திலிருந்து ஈசியூ அளப்பதால், சென்சர் 0.7 என்று சொன்னாலும் அதற்கு 0.3 என்றுதான் தெரியும். தராசின் மறுதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிறுப்பது போன்ற வேலை இது. ஹெட்லைட் எரியும் இரவில் செலவு கூடுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு, எஞ்சின் உடலுக்கும் காரின் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 இற்குள் இருக்க வேண்டும்.

உப்புவெளியில் கடற்கரைக்குப் பக்கமாகக் கார் நிற்கிறது என்றால் எர்த்தை ஒருபோதும் நம்பக் கூடாது. வெளியே பளபளவென்று இருக்கும் முனையின் அடியில் உப்புக்காற்று என்ன செய்திருக்கிறது என்பது கழற்றினால்தான் தெரியும்.

அனுராதபுரச் சந்தி பட்டறை எழுதியது:

மேலே சொன்னவற்றோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் கராஜ்காரரை எல்லோரும் சேர்ந்து குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1.5 எஞ்சின் 1.3 ஐவிடக் கூடுதலாகத்தான் குடிக்கும். எஞ்சின் மாற்றியவருக்குப் புதுப் பலம் கிடைத்ததும் காலும் கனத்துவிடும். 14 ஐ மறுபடி எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

சூடு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே? எங்கள் பக்கத்து வெயிலுக்கு நாங்கள், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித்தான் விடுகிறோம். அதனால் எஞ்சினுக்கு ஆபத்து வந்ததை நான் பார்த்ததில்லை.

சீனக்குடா மின்வேலை எழுதியது:

கார்பரேற்றர் காலத்தில் அந்தப் பழக்கம் ஓரளவுக்குச் சமாளித்தது. இன்ஜெக்டர் எஞ்சினில் அது நேரே பெற்றோலில் கை வைக்கும். இந்த எஞ்சின்களின் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 82 பாகையில் திறக்கத் தொடங்கும். அதைக் கழற்றிவிட்டால், கந்தளாய்ப் பாதையில் காற்று முகத்தில் அடிக்க ஓடும்போது தண்ணீர் அந்தச் சூட்டை எட்டாது. தண்ணீர் குளிர்ந்திருக்கும்வரை, எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து ஈசியூ கூடுதல் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வெயில் எஞ்சினுக்கு வெளியே அடிக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய சூட்டை அது தராது.

தம்பி, டாஷ்போர்ட் முள் நடுவில் நிற்கிறது என்பதையும் சாட்சியாக எடுக்க வேண்டாம். முள்ளுக்கு ஒரு சென்சர், ஈசியூவுக்கு வேறொன்று. ஈசியூவுக்கு உரியதைக் கழற்றி அதன் தடையை அளந்தால், 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம் வரையும், 80 பாகையில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம் வரையும் இருக்க வேண்டும்.

கந்தளாய் நெல்லேற்றி எழுதியது:

நான் லொறிக்காரன், இந்தச் சென்சர் விடயங்களில் தலையிடவில்லை. ஆனால் அந்தத் தம்பி எழுதியதில் ஒன்று உறுத்துகிறது. எஞ்சினோடு வந்த கியர்பெட்டியையும் மாற்றியதாகச் சொல்கிறார். ஸ்பீடோ மீற்றர் கேபிளைச் சுழற்றும் பற்சக்கரம் கியர்பெட்டியில்தான் இருக்கிறது. அதன் பற்களின் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி வேறுபடும். மீற்றர் குறைவாக எண்ணினால், ஓடிய தூரமும் குறைவாகத்தான் தெரியும், லீற்றர் கணக்கும் அநியாயமாகக் கீழே போகும். ஏ6 வீதியில் கிலோமீற்றர்க் கற்கள் இருக்கின்றன. ஒரு கல்லில் மீற்றரைப் பூச்சியமாக்கி, 40 கற்கள் கடந்த பின் அது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ரயரின் அளவையும் மாற்றியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

உப்புவெளி ஸ்டார்லெட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கண்டவற்றை வரிசை பாராமல் எழுதுகிறேன்.

கந்தளாய் அண்ணன் சொன்னதை முதலில் செய்தேன், செலவில்லாத சோதனை என்பதால். 40 கற்களுக்கு மீற்றர் 37 தான் காட்டுகிறது. ஆகவே எனது 9.6 உண்மையில் 10.4 ஆக இருந்திருக்கிறது.

மெனிபோல்டும் கீழ்க்குழாயும் சேரும் விளிம்பில், ஒரு போல்ற்றின் அருகே மட்டும், விசிறி விரித்தது போலக் கரிக்கோடு படிந்திருந்தது. கழற்றிப் பார்த்தபோது பழைய கெஸ்கட்டே உள்ளே இருந்தது, ஓரம் எரிந்து தேய்ந்த நிலையில். புதிய கெஸ்கட்டும் புதிய போல்ற் நட்டும் போட்டோம்.

எர்த் சோதனையில் விளக்குகள் இல்லாமல் 0.15, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டபோது 0.4 இற்கு மேல் காட்டியது. எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பட்டியே மாட்டப்படவில்லை. இன்டேக் மெனிபோல்டிலிருந்த வளைய முனை வெளிப்பார்வைக்கு இறுக்கமாக இருந்தது. கழற்றியபோது அடியில் நீலப்பச்சைப் பொடி உதிர்ந்தது, அலுமினியப் பக்கத்தில் வெள்ளைப் பூப்புப் படிந்திருந்தது. இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, புதிய முனை அழுத்தி, புதிய பட்டியும் போட்ட பின், எல்லா விளக்குகளும் எரியும்போது 0.04 தான்.

தெர்மோஸ்டாட் இல்லை. கராஜில் கேட்டேன், சந்திப் பட்டறை அண்ணன் சொன்ன அதே காரணத்தைச் சொன்னார்கள். புதியதொன்றைப் போட்டுவிட்டேன். ஈசியூவின் தண்ணீர்ச் சென்சர் அளவில் குறையில்லை.

நிலாவெளி வேன்காரர் எழுதியது:

நல்லது. இவ்வளவும் செய்தாயிற்று என்றால் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) பார்த்துவிடுங்கள். இந்த எஞ்சினில் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பித்தான் வைப்பார்கள். டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1 முனையையும் ஈ1 முனையையும் சிறு வயரால் இணைத்துவிட்டு, டைமிங் லைட்டில் 10 பாகை முன்னதாக வைக்க வேண்டும். இணைக்காமல் வைத்தால், ஈசியூ தானாகச் சேர்த்திருக்கும் முன்னேற்றத்தையும் சேர்த்தே 10 என்று எடுத்துக்கொண்டதாகிவிடும். பிறகு எல்லா வேகத்திலும் தீப்பொறி பிந்தித்தான் விழும். எஞ்சின் இழுக்காது, ஓட்டுபவர் காலை அழுத்துவார், பெற்றோல் போகும். அவசரத்தில் வேலை முடிக்கும் இடங்களில் அந்தச் சிறு வயரைத் தேடி எடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

உப்புவெளி ஸ்டார்லெட் எழுதியது:

அதுவும் அப்படியே இருந்தது. வயரை இணைத்துப் பார்த்தபோது 4 பாகைதான் காட்டியது. 10 இற்கு வைத்தவுடன் மூன்றாம் கியரில் கார் இழுக்கும் விதமே மாறிவிட்டது.

மீற்றர்ப் பிழையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கந்தளாய்ப் பாதையில் இப்போது லீற்றருக்கு 13.2 வருகிறது. குறியீட்டை அழித்த பின் ‘செக்’ விளக்கு எரியவில்லை. பிளக்குகள் மண்ணிறத்துக்கு வந்துவிட்டன. ஆனால் விஎஃப் முனையில் 2.5 வரவில்லை; 3.75 இல் நிற்கிறது. இன்னும் எங்கேயாவது பொய்ச்செய்தி போகிறதா?

மூதூர் மாணவன் எழுதியது:

இல்லை, இப்போது அந்த 3.75 மெய்யைத்தான் சொல்கிறது. கசிவும் எர்த்தும் சரியான பிறகும் ஈசியூ பெற்றோலைக் கூட்டவேண்டியிருக்கிறது என்றால், 1,331 சீசீயின் கணக்கை வைத்துக்கொண்டு 1,497 சீசீக்கு ஊட்டுவதால் வரும் உண்மையான குறை அதுதான். முன்பு பொய் லீன் இந்த மெய் லீனை மூடிக்கொண்டிருந்தது. சீரான ஓட்டத்தில் ஈசியூ அதைச் சமாளித்துவிடும் என்பதால் இனி உங்கள் பணப்பைக்கு அதனால் தொல்லை இல்லை; முழு எக்ஸிலேற்றரில் எஞ்சினுக்குத்தான் தொல்லை. 5ஈ இற்கு உரிய ஈசியூ கிடைத்தால், வயர்முனைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து மாற்றுங்கள். அதுவரை ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு, ஹபரணைப் பக்கம் முந்திச் செல்வதற்காகக் காலைத் தரை வரை அழுத்த வேண்டாம். ஏற்றத்தில் ‘கிண் கிண்’ என்று தட்டும் ஓசை கேட்டால் உடனே கியரைக் குறையுங்கள். தற்காலிகமாக 95 ஒக்டேன் அடிப்பது தட்டலைக் குறைக்கும், ஆனால் கலவையைத் திருத்தாது.

அனுராதபுரச் சந்தி பட்டறை எழுதியது:

13.2 என்ற கணக்கை ஒத்துக்கொள்கிறேன்; 1.5 இற்கு அது நல்ல ஓட்டம். தெர்மோஸ்டாட் விடயத்தில் இன்ஜெக்டர் வண்டிகளுக்கு இனிப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன்.

கேட்காமல் ஒன்று சொல்கிறேன். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் சீசீயும் பழையவையாகவே இருக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியாவிட்டால், கார் விற்கும்போதும் காப்புறுதி கோரும்போதும் சிக்கல் வரும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்கிறதா?

உப்புவெளி ஸ்டார்லெட் எழுதியது:

பற்றுச்சீட்டு இருக்கிறது அண்ணா, ஆனால் அதில் எஞ்சின் இலக்கம் எழுதப்படவில்லை. விற்றவரிடம் இலக்கத்தைக் குறித்து மறுபடி எழுதித்தரக் கேட்டிருக்கிறேன். 5ஈ ஈசியூ ஒன்றும் அவரிடமே இருப்பதாகச் சொல்கிறார். அதன் முனைகளைப் படமெடுத்து வந்து இங்கே போடுகிறேன்.